பெண் பார்க்கப் போய் மலை ஏறினோம்

இலங்கையில் ஹட்டன் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் முதலில் பார்த்தது பெண்ணை அல்ல, அவர்கள் கொண்டுவந்திருந்த வேனை. குனிந்து ஒரு சுற்று சுற்றி வந்து, "முன் டயர் ரெண்டும் வழுக்கை" என்றார் என் காதோரமாக. அவர் மதுரையில் அரசு பஸ் ஓட்டுகிறவர். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் டயரைப் பார்ப்பார், பிறகு ரோட்டைப் பார்ப்பார், மனுஷர்களைக் கடைசியில்தான் பார்ப்பார்.

நான் பெண்ணைப் பார்த்தேன். சாம்பல் நிற ஸ்வெட்டர், பின்னலை முன்னால் போட்டிருந்தாள், கையில் குடை. எனக்குச் சிம்மக்கல் பக்கம் தையல் கடை இருக்கிறது. ஆளைப் பார்த்தால் அளவு தானாக மனதில் ஓடும். தோள் அகலம், நிமிர்ந்த முதுகு. "வாங்கக்கா, பயணமெல்லாம் எப்படி இருந்துச்சு? குளிருதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே என் பையை வாங்கிக்கொண்டாள். புஷ்பராணி. வீட்டில் ராணி.

என் தம்பி செந்தில் துபாயில் ஏசி மெக்கானிக். ரிப்பேருக்குப் போன ஒரு வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண், "அந்த மூலையில தண்ணி சொட்டுதுங்க, பாத்துக் கால வைங்க" என்றாளாம். நம் பக்கத்துப் பேச்சாக இருக்கிறதே என்று அவன் ஊரைக் கேட்க, டிக்கோயா என்றிருக்கிறாள். டிக்கோயா தஞ்சாவூரில் எந்தப் பக்கம் என்று கேட்டானாம் என் தம்பி. அதற்கு அவள் சிரித்த சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வேலை ஒப்பந்தம் முடிந்து அவள் ஊர் திரும்பிய பிறகு அவன் எங்களுக்குப் போன் போட்டு, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்றான்.

அம்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "நீயும் மாப்பிள்ளையும் போய்ப் பாத்துட்டு வாங்க. பூர்வீகம் எந்த ஊருன்னு நல்லா விசாரிச்சுட்டு வா" என்றார். பூர்வீகம் என்றால் என்ன என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா கேட்கச் சொன்னது ஊரை அல்ல, சாதியை.

இலங்கையில் சண்டை நிறுத்தம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்த நேரம். போகலாம், பயமில்லை என்று செந்தில் சொன்னான். போனோம்.

ராணியின் வீடு டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாம் வீட்டில் நூறு ஆயுசு சொல்வார்கள். அப்பா இல்லை. அம்மா மாரியாயி கொழுந்து பறிக்கிறவர். அண்ணன் யோகராஜ் வாடகை வேன் ஓட்டுகிறவர். அந்த அண்ணனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தங்கச்சி முதலில் என்று இருக்கிறாராம்.

தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி, வெங்காயமும் மிளகாயும் இடித்த கட்டச் சம்பல், பருப்பு, பால் கலக்காத பிளேன்டீ. டீக்குள் போடாமல் சீனியை உள்ளங்கையில் வைத்துத் தந்தார்கள். ஒரு நக்கு, ஒரு மடக்கு. சீனி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பாதி தூரம் மதுரைக்கு வந்துவிட்டது போல இருந்தது. எங்கள் வீட்டிலும் சர்க்கரை என்று யாரும் சொல்லமாட்டோம்.

ஆனால் பேச முடியவில்லை. இந்தியாவிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒருவர் எழுந்தால் ஒருவர் உட்கார்ந்தார். விசாரிக்க வந்த நான் ஊரெல்லாம் விசாரிக்க உட்கார்ந்திருந்தேன். மதுரையில் இப்போது அரிசி என்ன விலை, மீனாட்சி கோயிலுக்கு உள்ளே கேமரா கொண்டுபோகலாமா, உங்களுக்கு ஏன் பிள்ளைகள் இல்லை, டாக்டரிடம் காட்டினீர்களா. கடைசிக் கேள்விக்கு என் வீட்டுக்காரர் மிக நிதானமாக, "காட்டினோம். எங்களப் பாத்து டாக்டர்தான் பயந்துட்டார்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்து அந்தப் பேச்சு அதோடு போனது.

கூட்டம் கலைந்ததும் ராணி சொன்னாள். "அக்கா, வீட்டப் பாத்துட்டீங்க. இங்க இருந்தா நம்ம ஒரு வார்த்த பேச முடியாது. அண்ணனுக்கு இந்த வாரம் ஹயர் ஓட்டம் இல்ல. காலையில வேன எடுத்துக்கிட்டு நுவரெலியா போறோம், நடக்கிறோம், ஏரி பாக்கிறோம். பேசுறதெல்லாம் அங்க பேசிக்கலாம்."

முதல் நாள் தலவாக்கலை வழியாக ஏறினோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை. கொடைக்கானலில் மலைக்குப் பல முகம் உண்டு. இங்கே ஒரே பச்சையை எடுத்து அளந்து வெட்டி, மடிப்புக் கலையாமல் மலைமேல் போர்த்தியது போல இருந்தது. அதன் நடுவே சட்டென்று வெள்ளையாக அருவி. ராணி பெயர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வளைவில் இன்னொன்று.

என் வீட்டுக்காரர் அருவி எதையும் பார்க்கவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் "கியரக் கொறைங்க தம்பி" என்பார். யோகராஜும் மரியாதையாக "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் திரும்பினார். நானுஓயா தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் கைகாட்டி நிறுத்தினான். யோகராஜ் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அவன் எட்டி என் வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டான். நான் பைக்குள் பாஸ்போர்ட்டைத் தேடினேன். ராணி மொழிபெயர்த்தாள்: "உங்க ஊர் பஸ்லயும் ஆளுங்க புட்போர்டுல தொங்குவாங்களான்னு கேக்கிறான்." தொங்குவார்கள், கூரையிலும் ஏறுவார்கள் என்று இவர் கையால் காட்டினார். சிப்பாய் திருப்தியாகச் சிரித்து அனுப்பிவிட்டான்.

நுவரெலியா ஏரியில் அன்னம் மாதிரி செய்த மிதி படகுகள் இருந்தன. ஆண்கள் இருவரும் கரையில் டயரைப் பற்றித் தகராறு பண்ணிக்கொண்டிருக்க, நானும் ராணியும் ஓர் அன்னத்தில் ஏறினோம். இரண்டு பேரும் மும்முரமாக மிதித்தோம். திருப்புகிற கைப்பிடியை அவள் பிடித்திருக்கிறாள் என்று நானும், நான் பிடித்திருக்கிறேன் என்று அவளும் நினைத்துக்கொண்டதில் அன்னம் ஒரே இடத்தில் வட்டம் போட்டது. ஏரி நடுவில் குளிர் முழங்காலைப் பிடித்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? உங்க தம்பி வீட்டுல என்ன சொல்லியிருக்காரு?"

"கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு சொன்னான்."

"நான் சரின்னு சொல்லிட்டேன்னு சொன்னாரா?"

நான் மிதிப்பதை நிறுத்தினேன். "ஏன், நீ சொல்லலையா?"

"இல்லீங்கக்கா. எனக்கு அவர ரொம்பப் பிடிக்கும். பொய்யில்ல. ஆனா அவரு துபாய்ல இருப்பாரு, நான் உங்க கூடத்தான் இருக்கணும். அதுனால உங்க வீட்டு ஆளுங்கள அனுப்பி வைங்க, பாத்துட்டுச் சொல்றேன்னு மட்டும்தான் சொன்னேன்."

ஆக, நான் பெண் பார்க்க வந்திருக்கவில்லை. பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து நான் என்னென்ன பேசினேன், ரொட்டியை எப்படிச் சாப்பிட்டேன் என்றெல்லாம் நினைவில் ஓடியது. தம்பியை நினைத்துப் பல்லைக் கடித்தேன். ஆனால் கோபத்தைவிடச் சிரிப்புதான் முந்திக்கொண்டு வந்தது. இந்த யோசனையில் இருவரும் கவனிக்காமல் விட, அன்னம் நேராகப் போய்க் கரையோரப் புல்லில் முட்டி நின்றது. கரையில் நின்ற வேறு இரண்டு பேர் எங்களைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னவாம் என்று கேட்டேன். "வாத்து மேய வந்திருச்சுங்கிறாங்க" என்றாள்.

சாயங்காலம் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். மதுரைக்காரர்களான எங்களிடம் போய்க் கொத்துப் பரோட்டாவா என்று அலட்சியமாகத்தான் உட்கார்ந்தோம். சால்னா இல்லை என்பது குறைதான். ஆனால் அந்தக் குளிரில் ஆவி பறக்க வந்த தட்டை என் வீட்டுக்காரர் வாய் பேசாமல் காலி செய்துவிட்டு, "தாளம் நம்ம ஊர்லதான் நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார். இன்னொரு தட்டும் கேட்டார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே ஹோர்ட்டன் சமவெளிக்குக் கிளம்பினோம். அங்கே இரண்டு மணி நேரம் நடந்தால் உலக முடிவு என்று ஓர் இடம் வரும், மலை அங்கே கத்தியால் வெட்டியது போல முடிந்துவிடும், கீழே பாதாளம் என்று ராணி சொல்லியிருந்தாள். வேனுக்குள்ளேயே பாண் என்கிற பிரெட்டும் சம்பலும் சாப்பிட்டோம். அட்டைக்கு என்று எங்கள் கால்களில் சவுக்கார சோப்பை நன்றாகத் தேய்த்துவிட்டாள். என் வீட்டுக்காரர் மட்டும், "என் ரத்தத்துல டீசல் ஓடுது, அட்டை வாய வைக்காது" என்று வேண்டாமென்றுவிட்டார். காலிலும் வெறும் செருப்புதான்.

தேயிலை இல்லாத மலையை அந்த ஊரில் அன்றுதான் பார்த்தேன். மஞ்சள் புல்வெளி, அதன் மேல் பனி. மரங்கள் எல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டி ஒரே பக்கமாகக் குனிந்து நின்றன. கிளை முழுக்கப் பாசி. பாதையோரம் ஒரு மரை மான் நின்று எங்களைப் பார்த்தது. மாடு அளவு இருந்தது. யோகராஜ் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். வேனில் அவர் யாருக்கும் அப்படி ஒதுங்கி நான் பார்த்ததில்லை.

மேடு வந்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. கடையில் தையல் மெஷினில் மிதித்த கால். உட்கார்ந்தபடி எவ்வளவு தூரமும் போகும், நிமிர்ந்தால் போகாது. ராணி என் வேகத்துக்கே நடந்தாள். தண்ணீர்ப் போத்தலை நான் கேட்கும் முன்னால் நீட்டினாள்.

உலக முடிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது உலகம் ஆரம்பித்தது எங்கே, முடிந்தது எங்கே என்று தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை. பக்கத்தில் காலி நகரத்திலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம் நின்றது. அப்பா விரலை நீட்டி நீட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ராணி எனக்குக் காதில் சொன்னாள்: "அங்க கீழ ஊரு இருக்கு, குளம் இருக்கு, வானம் நல்லாருந்தா கடலும் தெரியும்ங்கிறாரு." சின்ன மகள் வெள்ளையை முறைத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "யாரு பாத்ததுன்னு கேக்குது" என்றாள் ராணி. அப்பா நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். அந்த அம்மா பையைத் திறந்து எங்களுக்கும் ஆளுக்கொரு எண்ணெய்ப் பலகாரம் கொடுத்தார். நம் அதிரசத்துக்குக் கொண்டை போட்டுவிட்டது போல இருந்தது. வெகுநேரம் காத்திருந்தும் பனி விலகவில்லை. பலகாரம் தீர்ந்ததும் திரும்பினோம்.

திரும்பும் வழியில் ஓடை ஒன்று வருகிறது. ஆண்கள் முன்னே போய்விட்டார்கள். நான் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். அம்மா சொல்லியனுப்பியது நெஞ்சில் இடறிக்கொண்டே இருந்தது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று ஆரம்பித்தேன்.

"ராணி, உங்க பூர்வீகம் எந்தப் பக்கம்? அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். "ஊரையா கேக்கிறீங்க?"

நான் குனிந்து காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டேன். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கேக்க வந்தத நேரா கேளுங்கக்கா. நான் கோவமா சொல்லல. அந்தக் காலத்துல இந்தியாவுல இருந்து கப்பல்ல வந்தவங்க சட்டி பானையோட இதையும் சேத்துத்தான் கொண்டு வந்திருக்காங்க. எங்க லயத்துலயும் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். அம்மா சொல்லிக் குடுத்திருக்கு, கேட்டா எனக்குச் சொல்லத் தெரியும். நீங்க கேட்டா சொல்லிருவேன்."

"அப்ப சொல்லேன்."

"சொல்லிட்டேன்னா, அதுக்கப்புறம் உங்க தம்பியக் கட்டிக்க மாட்டேன். உங்களுக்குப் பிடிச்ச பதிலா இருந்தாலும் சரி, பிடிக்காததா இருந்தாலும் சரி."

"ஏன் அப்படி?"

"பிடிச்ச பதிலா இருந்து நீங்க சரின்னு சொல்றீங்கன்னு வைங்க. வேற பதிலா இருந்திருந்தா வேணாம்னுருப்பீங்கன்னுதானே அர்த்தம்? அப்பேர்ப்பட்ட வீட்டுல நான் எப்படிக்கா நிம்மதியா சோறு தின்னுவேன்?"

ஓடை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முகம் சூடேறியது. சின்னப் பெண், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள், எனக்குப் பாடம் எடுக்கிறாளா என்ற எரிச்சல் முதலில் வந்தது. பிறகு அம்மா நினைவு வந்தது. இதைக் கேட்காமல் போனால் அம்மா என்னிடம் எத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று எனக்குத் தெரியும். செந்தில் நினைவும் வந்தது. எனக்குப் பிள்ளை இல்லை. அவன்தான் பிள்ளை மாதிரி. இவளை வேண்டாம் என்று ஆக்கிவிட்டு அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

இதெல்லாம் போக, எனக்கே எனக்கு அந்தப் பதில் வேண்டுமா என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டும் என்றுதான் ஒரு மனம் சொன்னது. பொய் சொல்லி ஆகப்போவது என்ன. பிறந்ததிலிருந்து கேட்டுக்கேட்டுப் பழகிய காது, இதையும் கேட்டுவிடு என்றது.

"எந்திரிங்க, போவோம். மழை வரும்" என்றாள் ராணி. கை நீட்டினாள். பிடித்து எழுந்தேன். கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று அவளிடம் சொல்லவும் இல்லை. இரண்டு பேரும் நடந்தோம். அதுவரை என் வேகத்துக்கே நடந்தவள் இப்போது நாலடி முன்னே போனாள்.

அப்போதுதான் கேட்டது என் வீட்டுக்காரரின் அலறல். ஏதோ பாம்புதான் என்று ஓடினோம். டீசல் ஓடுகிற காலில் நாலைந்து அட்டைகள் ஏறித் திராட்சைப் பழம் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் ஒற்றைக் காலில் நின்று யோகராஜின் தோளைக் கட்டிப்பிடித்திருந்தார். ராணி சவுக்காரத்தை நனைத்துத் தேய்த்து ஒவ்வொன்றாக உதிர்த்தாள். "அண்ணே, இதுக்குத்தான் காலையிலேயே சொன்னேன்" என்றாள். "நாளைக்கு ரெண்டு தடவ போட்டுக்கிறேன் தாயி" என்றார் அவர். நானும் ராணியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். ஆனால் வேனில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். என் பக்கத்தில் என் வீட்டுக்காரர்தான் இருந்தார், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு.

மூன்றாம் நாள் காலையில் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். "கேட்டியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப அதோட விடு" என்று சொல்லிவிட்டு டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று காசல்ரீ ஏரியைச் சுற்றிக்கொண்டு நோர்வூட் வழியாக மஸ்கெலியா பக்கம் போனோம். ஏரிக்குள் தேயிலை மலைகள் விரல் விரலாக இறங்கி நிற்கின்றன. ஒவ்வொரு விரலையும் சுற்றித்தான் ரோடு போக வேண்டும். எதிர்க்கரையில் தெரிகிற கோயிலுக்குப் போய்ச் சேர அரை நாள் ஆகும் போல. மவுசாக்கலை அணையில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா ஊர் அப்படியே உள்ளே போய்விட்டதாம். வற்றுகிற காலத்தில் கோயில் மட்டும் வெளியே வந்து நிற்கிறது. வெடித்த சேற்றில் இறங்கிப் போய்ப் பார்த்தோம். கூரையில்லாத கல்மண்டபம், சாமி எப்போதோ புது ஊருக்குக் குடிபோய்விட்டது. யாரோ ஒருவர் காலியான மாடத்திலும் ஒரு சூடத்தை ஏற்றிவைத்திருந்தார். திரும்பி வருகையில் என் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. ராணி குனிந்து பிடுங்கிக் கொடுத்தாள். நேற்றிலிருந்து என்னிடம் அவள் அதிகம் பேசவில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரம் வந்திருப்போம், இன்ஜினிலிருந்து டப்பென்று ஒரு சத்தம், பின்னாலேயே ஆவி. யோகராஜ் நிறுத்தித் திறந்து பார்த்தார். பேன் பெல்ட் அறுந்திருந்தது. மாற்றுப் பெல்ட் இல்லை. மழையும் பிடித்துக்கொண்டது. ரோட்டுக்கு மேலே கொழுந்து நிறுக்கிற மடுவம் ஒன்று தெரிந்தது. தகரக் கூரை போட்ட கொட்டகை. நானும் ராணியும் அதற்குள் ஓடினோம். மழைக்கு ஒதுங்கிய பெண்கள் கூடையும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாக நின்றிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் நனைந்தபடி மேலே ஏறி வந்தார். இந்த மூன்று நாளில் அவர் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. "கெட்டியான நைலான் கயிறு இருக்காம்மா?" என்று பெண்களிடம் கேட்டார். மூத்த பெண் ஒருவர் தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிற்றை அப்படியே அவிழ்த்துக் கொடுத்தார். "வேற கட்டிக்கிறேன், கொண்டு போங்க தம்பி." இவர் அதை இரண்டாக முறுக்கிக்கொண்டு இறங்கி ஓடினார். கீழே இரண்டு பேரும் வேனுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "இழுங்கண்ணே", "முடிச்ச அந்தப் பக்கம் போடு" என்று ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

மடுவத்தில் பிளாஸ்டிக் போத்தலிலிருந்து எனக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். ஆறிப்போயிருந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது. கயிறு கொடுத்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ராணியிடம் கேட்டார்.

"இந்தம்மா யாரு புள்ள? ஒங்களுக்கு என்ன வேணும்?"

நான் டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன். துபாயில் தெரிந்தவருடைய அக்கா என்று சொல்லலாம். இந்தியாவிலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவர்கள் என்று சொல்லலாம். அதிலும் பொய் இல்லை.

"எங்க மதினி" என்றாள் ராணி. "மதுரையில இருந்து வந்திருக்காங்க."

சொல்லிவிட்டு மழையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். புருஷனுடைய அக்காவைத்தான் அப்படிச் சொல்வார்கள். டம்ளரைக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். "நான் கேக்க மாட்டேன் ராணி" என்றேன். "யாரும் கேக்கவும் விடமாட்டேன்."

"தெரியுங்க" என்றாள். "நேத்தே கேப்பீங்கன்னு நெனச்சேன். கேக்காம எந்திரிச்சீங்க பாருங்க, அப்பவே தெரியும். இருந்தாலும் ராத்திரி மனசு மாறுவீங்களோன்னு ஒரு நாள் விட்டுப் பாத்தேன்."

மழை விட்டது. கயிற்றுப் பெல்ட்டைப் பழக்கப்பட்ட ஆள்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லி என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். ஒவ்வொரு ஓடையிலும் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, வளைவுக்கு வளைவு மதுரை பஸ் மாதிரி ஹாரன் அடித்து ஊர்ந்து வந்தோம். யோகராஜ் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காலைத் தரையில் அழுத்திக்கொண்டே வந்தார். மஸ்கெலியா கடைத்தெருவில் புதுப் பெல்ட்டும், அந்தப் பெண்ணுக்குப் புதுக் கயிறும் வாங்கினோம். கயிற்றை அவ்வழியே போகிற பஸ்காரரிடம் கொடுத்தனுப்பினார் யோகராஜ்.

அன்று சாயங்காலம் ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷன் கடைக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று முதலில் தம்பிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, என்ன சொன்னா?" என்றான்.

"யாரு, அம்மாவா?"

"இல்லக்கா, ராணி."

திட்ட வேண்டுமென்று மூன்று நாளாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. "சரின்னுட்டா" என்றேன்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அடுத்தது அம்மா. "விசாரிச்சியா?" என்றார்.

"இல்லம்மா. கேக்கல."

"அதுக்குத்தானே போன?"

"பொண்ணப் பாக்கத்தான் வந்தேன். பாத்துட்டேன். எனக்குப் பிடிச்சிருக்கு. அவங்களுக்கும் நம்மளப் பிடிச்சிருக்கு. நீங்களும் கேக்கக் கூடாதும்மா. கேட்டா செந்தில் நம்மகிட்ட இருந்து போயிருவான்."

 கண்ணாடிக்கு வெளியே ராணி குடையோடு நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா, "குளிருக்கு ஏதாவது போர்த்திக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியான ரயில். மாரியாயி அம்மா அன்று அரைப் பேருக்கு, அதாவது அரை நாள் சம்பளத்துக்கு, மட்டும் வேலைக்குப் போய்விட்டு மலையிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். விரலெல்லாம் கொழுந்துக் கறை. ரொட்டிப் பொட்டலத்தையும் தேயிலைத் தூளையும் ஜன்னல் வழியாகக் கொடுத்தார். வந்ததிலிருந்து என்னிடம் அவர் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதில்லை. ரயில் கிளம்பப்போகிற நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க அண்ணன்மாரு ரெண்டு பேரும், அந்தக் காலத்துல ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்துல, இந்தியாவுக்குப் போனாங்கம்மா. இதே ஸ்டேஷன்லதான் ஏத்திவிட்டோம். போய்ச் சேந்தோம்னு சேதி வந்துச்சு. அப்புறம் ஒரு தடவகூட வரல. வர முடியல போல. எம்மகளையும் அப்படி அனுப்ப என்னால ஏலாது."

"வருஷம் ஒரு தடவ நானே கூட்டிட்டு வருவேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் கம்பியை விட்டார். வட்டவளை ஸ்டேஷன் தாண்டியது. பிறகு என் வீட்டுக்காரர், "வருஷா வருஷம் எப்படிக் கூட்டிட்டு வருவ?" என்று கேட்டார். "தெரியல" என்றேன். அவர் ரொட்டியைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தார்.

அம்மா மனம் இறங்கப் பல மாதங்கள் ஆயின. அது தனிக் கதை. அதில் மலையும் இல்லை, ஏரியும் இல்லை. கடைசியில் டிக்கோயாக் கோயிலில் நடந்த கல்யாணத்துக்கு அம்மாவும் வந்தார். லயத்துக்கு ஏறுகிற வழுக்குப் பாதையில் மாரியாயி அம்மா கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். வாய் திறந்து எதையும் கேட்கவில்லை.

அதன் பிறகு சண்டை மறுபடி மூண்டது. எங்களைப் பயமுறுத்தாத ஆளில்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் ராணியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டுத்தான் வந்தேன். ஒரே ஒரு வருடம் முடியவில்லை. ராணிக்குப் பிரசவமாகி டாக்டர் பயணம் கூடாது என்றுவிட்டார். அந்த வருடம் மாரியாயி அம்மா பாஸ்போர்ட் எடுத்து, முதல்முறையாக விமானம் ஏறி, தனியாகத் திருச்சியில் வந்து இறங்கினார். பேத்தியைப் பார்த்துக் கொஞ்சி முடித்த மறுநாள், என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு அவரை அழைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தில் வந்தவர்கள் பலர் குடியேறிய கோத்தகிரிப் பக்கம் போனார். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது வாசலில் மூன்று பேர் நின்றார்கள். மூன்றாவது ஆள் வயதானவர், மாரியாயி அம்மாவின் அதே மூக்கு. "எங்க சின்ன அண்ணன்" என்று சொல்லி அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார் மாரியாயி அம்மா. என் அம்மா எழுந்து, அவருக்கு முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.